திருப்பி எடுத்துப் பாக்காத கல்யாணம்

அந்தப் பைய மேல வைக்க வேண்டாமுங்க. மடியிலயே இருக்கட்டும். பெருந்துறை தாண்டுனா இந்த பஸ்காரன் தூக்கித் தூக்கிப் போடுவான். உள்ள இருக்கறது ஹார்டு டிஸ்க்குங்க. செத்துப் போன டிஸ்க்கு. செத்ததுக்கு இனி என்ன அடிபடப் போகுதுன்னு கேப்பீங்க. கோயமுத்தூர்ல ஒரு எடம் இருக்குது, செத்த டிஸ்க்கத் தொறந்து உள்ள இருக்கறத எடுத்துக் குடுக்கறாங்களாம். அங்கதான் போறேன். "குலுங்காமக் கொண்டாங்க சார்"னு போன்ல சொல்றான். அவனுக்கென்ன, சொல்றது சுலபம். ஈரோட்டு பஸ்ஸுல வந்து பாத்தாத் தெரியும்.

என் பேரு குழந்தைவேலுங்க. ஒரு கல்யாண ஸ்டூடியோவுல சர்வர் பாத்துக்கறேன். ஸ்டூடியோன்னா பாஸ்போர்ட் சைஸ் எடுக்கற பொட்டிக்கடைன்னு நெனச்சுக்காதீங்க. முகூர்த்த நாளுன்னா பவானியில ஒரு மண்டபம், காங்கயத்துல ஒரு மண்டபம்னு எங்க ஆளுக பிரிஞ்சு போவாங்க. எடுத்த படம் பூராவும் கடைசியில வந்து விழறது என் சர்வர்ல. யூனிக்ஸ் வகையறாங்க. விண்டோஸ் எல்லாம் இல்ல. உங்க வீட்டுல விண்டோஸுங்களா? பரவால்ல விடுங்க, உங்களச் சொல்லிக் குத்தமில்ல.

இந்த டிஸ்க்குல ஒரு மனுசனோட மொகம் இருக்குதுங்க. அதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். சிவன்மலைக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துக்காரரு, நாச்சிமுத்துன்னு பேரு. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு ஆயுசு பூராவும் ஒரு படம் எடுத்துக்கல. அவரு கல்யாணத்துலகூடப் படம் இல்லையாம். ஆதார் கார்டுல இருக்குது, ஆனா அதைக் காட்டுனா அவருக்கே அடையாளம் தெரியாது. இந்தத் தை மாசம் மக யமுனாவுக்குக் கல்யாணம். புள்ள அழுதுதுன்னு மேடையேறி நின்னாரு, எங்க ஆளு எடுத்துட்டான். தை முடியறதுக்குள்ள மனுசன் தோட்டத்துலயே நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாரு, முடிஞ்சுது. மாலை போட்டு மாட்டறதுக்கு அந்த ஒரு படந்தான். அது இந்தப் பைக்குள்ள இருக்குது. இல்லாமலும் இருக்கலாம்.

இருங்க, இருங்க. அப்படிப் பாக்காதீங்க. பேக்கப் எடுக்கலையான்னுதான கேக்க வர்றீங்க? எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. பேக்கப்பப் பத்தி என்னையே கேக்கறாங்க! ஈரோட்டுல பேக்கப்புன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தானுங்க.

போன வருசம் மொதலாளி தங்கமுத்து கூப்புட்டுச் சொன்னாரு. "குழந்தைவேலு, ஊருக்குள்ள வைரஸ் வருதுங்கறாங்க, டிஸ்க்கு போகுதுங்கறாங்க, நம்ம சர்வருக்கு நல்ல பேக்கப் டூல் ஒண்ணு பாத்துச் சொல்லு." பாத்துச் சொல்லுன்னாரு. என்கிட்டத்தான் சொன்னாரு. ஆனா பாருங்க, அடுத்த நாளே ஸ்டூடியோவுல இருக்கறவன் எல்லாம் டூல் பாக்க ஆரம்பிச்சுட்டான். நம்மூர்ல வைத்தியமும் பேக்கப்பும் தெரியாத ஆளே கெடையாதுங்க.

மொதல்ல வந்தது மொதலாளியோட மச்சினன் ஜெகநாதன். கணக்கு வழக்கு பாக்கறவரு. டை கட்டுன ஒருத்தனக் கூட்டிட்டு வந்துட்டாரு, சாப்ட்வேர் விக்கறவன். ஸ்கிரீன்ல சக்கரம் சுத்துது, பச்சைக் கலர் ஏறுது, ஒரே பட்டன் சார்ங்கறான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, எங்க சர்வருக்கு ஸ்கிரீனே கெடையாது. ஸ்கிரீன் இல்லாம இது ஓடுமா?" அவன் முழிக்கறான். "ஸ்கிரீன் இல்லாம எப்படி சார் வேலை செய்வீங்க?" கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். ஜெகநாதனுக்கு அன்னைக்கிருந்து என்னைக் கண்டா ஆகாது. ஆகாட்டிப் போகட்டும்.

அடுத்து கோகிலவாணி. எங்ககிட்ட ஆல்பம் டிசைன் பண்ற புள்ள. எம்சிஏ படிச்சிருக்குது. படிச்சிருக்குதுன்னா, படிச்சிருக்குது, அவ்வளவுதான். வந்து நிக்குது. "அண்ணா, ரெண்டு டிஸ்க்கு வாங்கிக்கலாங்கண்ணா. ஒண்ணு இங்க, ஒண்ணு மொதலாளி வீட்டுல. ஆர்சிங்க் போட்டா மாறுனத மட்டும் அப்படியே காப்பி பண்ணிரும். தொறந்தா கல்யாணத்துப் பேருல போல்டர், உள்ள படம். யாரு வேணாலும் பாத்துக்கலாம்." நான் கேட்டேன், "யாரு வேணாலும் பாக்கறதுக்கு அது என்ன டீக்கடைப் பேப்பராம்மா?" அப்புறம் டாருங்குது. டாருன்னா எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டறதுங்க. எங்கப்பன் காலத்து டூலு. மூட்டை கட்டறதுக்கு நாம என்ன மஞ்சமண்டியா வச்சிருக்கோம்?

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுங்களா? மாசக்கணக்காப் படிச்சேன். எந்த நாட்டுக்காரன் என்ன சொல்றான், எது எத்தனை வேகம், எது எவ்வளவு எடம் சேமிக்குது, எல்லாம் அட்டவணை போட்டு செவுத்துல ஒட்டிட்டேன். கடைசியில ஒண்ணைப் புடிச்சேன். அது ஒவ்வொரு பைலையும் துண்டு துண்டா வெட்டும். ஒரே துண்டு மறுக்கா வந்தா வைக்காது, அதான் முன்னமே இருக்குதேங்கும். அமுக்கும். பூட்டும். சாவி என்கிட்ட மட்டும். மொதலாளியே நெனச்சாலும் தொறக்க முடியாது. அப்பேர்ப்பட்ட டூலு!

அதுக்கும் அந்தப் புள்ள ஒரு நொட்டை சொல்லுச்சுங்க. "உள்ள போறது வேகந்தாங்கண்ணா. வெளிய எடுத்தா எப்படி வரும்னு பாத்தீங்களா?" வெளிய எதுக்கும்மா எடுக்கணும்? உள்ள பத்திரமா வைக்கறதுக்குத்தான பேக்கப்பு? பேங்க் லாக்கர்ல நகைய வச்சுட்டுத் தெனமும் போயித் தொட்டுப் பாக்கறவன் பைத்தியக்காரனுங்க. நான் சொல்றது சரிதானுங்களே?

டிஸ்க்கும் ஒண்ணு வாங்குனோம், தனியா, பெருசு. சர்வருக்குப் பக்கத்துலயே வயரு சொருகி வச்சேன். தெனமும் பேக்கப் ஓடும், காலையில எனக்கு மெயில் வரும், வெற்றிகரமா முடிஞ்சுதுன்னு. அதை அப்படியே மொதலாளிக்கு அனுப்பி வைப்பேன். அவரும் கட்டை வெரலத் தூக்கிக் காட்டுற பொம்மை ஒண்ணு அனுப்புவாரு. என்ன ஒரு நிம்மதி தெரியுங்களா அது!

ஆயுத பூஜை வந்துது. ஸ்டூடியோக்காரனுக்கு தீவாளியவிட ஆயுத பூஜைதானுங்க பெருசு. கேமரா, லென்சு, லைட்டு, ட்ரோனு, எல்லாத்தையும் தொடச்சு சந்தனம் குங்குமம் வச்சு சரஸ்வதி படத்துக்கு முன்னால வரிசையா வச்சிருவோம். மறுநாள் விஜயதசமிக்குப் பூசை முடிச்சு எடுக்கற வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது. சர்வர நகர்த்த முடியாது, அதுக்கு நின்ன எடத்துலயே பொட்டு. மொதலாளி சொன்னாரு, "அந்த பேக்கப் டிஸ்க்கையும் கொண்டாந்து வைப்பா, அதுதான நமக்குக் காவல் தெய்வம்." நியாயந்தானுங்க? நானே சர்வர்ல சொல்லி முறைப்படி பிரிச்சு விட்டேன். கோகிலவாணி கழட்டிட்டுப் போயி சந்தனம் வச்சுது. கொஞ்சம் அதிகமாவே வச்சுது, நான்தான் தொடைக்கச் சொன்னேன்.

மறுநாள் அந்தப் புள்ளதான் திருப்பிக் கொண்டாந்து வயரச் சொருகுச்சு. சொருகிட்டுக் கேக்குது, "அண்ணா, வயரு போட்டாச்சு. இனி சர்வர்ல ஏதாச்சும் கமாண்ட் குடுக்கணுமில்லீங்களா?" நான் பொரியும் கடலையும் தின்னுட்டிருந்தேன். நல்ல நாளும் அதுவுமா வேலையப் பத்திக் கேக்குது பாருங்க. "லைட்டு எரியுதா?" "நீல லைட்டு எரியுதுங்கண்ணா." "அப்பறம் என்ன, போ"ன்னேன். அந்தப் புள்ளயாக் கமாண்ட் குடுக்க முடியாது. சர்வர் பாஸ்வேர்டு என்னைத் தவுர யாருக்கும் தெரியாது. தெரிய விட்டா இவங்க ஆளாளுக்கு நோண்டுவாங்க.

இப்பச் சொல்றாங்க, அங்கதான் தப்பு நடந்துதுன்னு. உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். யூனிக்ஸுல டிஸ்க்கச் சொருகுனா மட்டும் பத்தாதுங்க. இன்ன போல்டருங்கற கதவுக்குப் பின்னால இன்ன டிஸ்க்குன்னு சர்வர்கிட்டச் சொல்லிச் சேத்தி விடணும். மவுண்ட்டும்பாங்க. சேத்தி விடாட்டி அந்தக் கதவத் தொறந்தா சர்வரோட சொந்த ரூம்புதான் இருக்கும். நம்ம டூலு பாவம், அதுக்கென்ன தெரியும்? கதவு இருக்குது, எடம் இருக்குது, தெனமும் கொண்டாந்து கொண்டாந்து சர்வருக்குள்ளயே வச்சிட்டிருந்துது. வெற்றிகரமா முடிஞ்சுதுன்னு மெயிலு. பக்கத்துல அந்த பேக்கப் டிஸ்க்கு நீல லைட்டோட சும்மா உக்காந்திருக்குது. நகை ஒரு பீரோவுல, டூப்ளிகேட்டும் அதே பீரோவுல.

இதுல யாரைக் குத்தம் சொல்லுவீங்க? வயரச் சொருகுனது யாரு? கோகிலவாணி. டிஸ்க்கப் பூசைக்குக் கேட்டது யாரு? மொதலாளி. கார்த்திகையில ஜெகநாதன் வந்தாரு, "என்னப்பா, சர்வர்ல எடம் இத்தனை சீக்கிரமாக் கொறையுது?"ன்னு கேட்டாரு. "கல்யாண சீசன்ல எடம் கொறையாம வளருமாங்க?"ன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. சந்தேகம் இருந்தா அழுத்திக் கேக்கோணுமா இல்லையா? அரைகுறையாக் கேட்டுட்டு, இப்ப நான் அன்னைக்கே சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

தை பொறந்த புதுசுல அந்தப் புள்ள மறுபடியும் ஆரம்பிச்சுது. மொதலாளி முன்னாலயே. "சார், ஒரே ஒருக்கா சோதிச்சுப் பாத்துரலாம். ஏதாச்சும் ஒரு பழைய கல்யாணத்த சர்வர்ல இருந்து அழிச்சுட்டு, பேக்கப்புல இருந்து திருப்பி எடுத்துப் பாக்கலாம்."

கேட்டீங்களா? கல்யாணத்த அழிச்சுட்டுப் பாக்கலாமாம்! நாங்க என்ன தொழில் பண்றோம்? தாலி கட்டறதப் படம் புடிக்கற தொழிலு. மொய்ப் பணத்துல சோறு திங்கறவங்க. எங்க ஸ்டூடியோவுல லைட்ட அணைன்னுகூடச் சொல்ல மாட்டோமுங்க, நிறுத்துன்னுதான் சொல்லுவோம். தை மாசம், வெள்ளிக்கெழமை, விளக்கு வச்ச எடத்துல நின்னுட்டு அழிக்கலாங்குது. மொதலாளி அப்படியே பிள்ளையார் பக்கம் திரும்பிக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. நான் விடுவனா? "வாயக் கழுவிட்டு வா அம்மிணி"ன்னுட்டேன். "போகாத உசுருக்குப் பாடை கட்டிப் பாக்கலாம்னு உங்க எம்சிஏவுல சொல்லிக் குடுத்தாங்களா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. மொதலாளியும் சிரிச்சாரு. அந்தப் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வரட்டுமே. அபசகுனமாப் பேசுனா அப்படித்தான்.

அதுக்கப்புறந்தான் யமுனா கல்யாணம் வந்துது. படம் சர்வருக்கு ஏறுச்சு. கேமரா கார்டெல்லாம் அழிச்சு அடுத்த முகூர்த்தத்துக்கு அனுப்பியாச்சு. எல்லாம் முறைப்படி. மாசி மாசம் ஒரு நாள் காலையில சர்வர்ல இருந்து கறக் கறக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இந்தா, மடியில இருக்குது.

எனக்கு அப்பக்கூட பயம் இல்லீங்க. தெம்பாச் சொன்னேன், "ஒருத்தரும் பதறாதீங்க, பேக்கப் இருக்குது." புது டிஸ்க்கு வாங்கிப் போட்டு, சந்தனம் வச்ச டிஸ்க்கச் சேத்தி, என் சாவியப் போட்டுத் தொறந்தேன். தொறந்துச்சுங்க, ஜோராத் தொறந்துச்சு. டூலுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா கடைசிக் கல்யாணம் புரட்டாசிக்கு முந்துனது. ஐப்பசி இல்ல, கார்த்திகை இல்ல, தை இல்ல. மொதலாளி என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டே நின்னாரு. கோகிலவாணி மட்டும் மெதுவாச் சொல்லுச்சு, "ஆயுத பூஜையில இருந்து மவுண்ட் ஆகலீங்கண்ணா." கண்டுபுடிச்சுட்டாளாம். அன்னைக்கு அழுத்திச் சொல்லீருக்கலாமில்ல?

மத்த கல்யாணத்தையெல்லாம் ஒரு மாதிரிச் சமாளிச்சுட்டோம். பாதிப் பேருக்கு ஆல்பம் போயிருச்சு, மீதிப் பேருக்கு மொதலாளி நேர்ல போயிக் கால்ல விழாத குறை. நாச்சிமுத்து வீடுதான் சிக்கல். சொந்தக்காரங்க செல்போன்ல தேடிப் பாக்கச் சொன்னோம். ஒருத்தன் எடுத்ததுல அவரு காது தெரியுது, இன்னொருத்தன் எடுத்ததுல துண்டு தெரியுது. கூட்டத்துல யாரும் செல்போன் தூக்கக் கூடாதுன்னு எங்க ஆளுதான் வெரட்டிட்டிருந்தான்.

அட, இன்னொண்ணு. கருமாதிக்கே அவங்க வீட்டுல இருந்து ஆளு வந்துச்சுங்க. "அந்த ஒரு படத்த மட்டும் குடுங்க, பெருசாப் போட்டு வைக்கணும்"னு. அப்ப டிஸ்க்கு நல்லாத்தான் இருந்துது. நான்தான் சொன்னேன், வரிசைப்படிதான் வரும்னு. எங்ககிட்ட ஒரு முறை இருக்குது. டிசைனுக்குப் போகாம சர்வர்ல இருந்து ஒத்தைப் படம் வெளிய எடுக்கறதில்ல. ஒருத்தருக்குன்னு வளைஞ்சா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். வந்தவன் கும்புட்டுட்டுப் போயிட்டான். நான் சொன்னது சரிதானுங்களே? முறைன்னா முறைதானுங்களே?

சன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க. சரி, பாருங்க.

அவிநாசி வந்துருச்சு. கடலை வாங்கறீங்களா? எனக்கு வேண்டாம், கையெல்லாம் எண்ணெய் ஆகும், இதத் தொட முடியாது. மொதலாளி என்ன சொல்லி அனுப்பிச்சாரு தெரியுங்களா? "அந்த ஒரு படத்தோட வா. இல்லீன்னா ஈரோட்டுப் பக்கமே வராத"ன்னாரு. பேச்சப் பாருங்க. வராட்டி அந்தச் சர்வர யாரு பாப்பாங்கன்னு நெனச்சுட்டிருக்காரு? இப்ப கோகிலவாணிகிட்டக் குடுத்திருக்காங்களாம். ரெண்டு டிஸ்க்கு வாங்கி, ஆர்சிங்க் போட்டு, மாசம் ஒருக்கா ஒரு கல்யாணத்தத் திருப்பி எடுத்துப் பாக்குதாம். பாக்கட்டும், பாக்கட்டும். எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்கறேன்.

இருங்க, போன் அடிக்குது. அய்ய, அந்தம்மாதானுங்க. மயிலாத்தா. நாச்சிமுத்து சம்சாரம். தெனமும் கூப்புடும், நான் எடுக்கறதில்ல. ஆல்பம் பைண்டிங்ல இருக்குதுன்னு எத்தனை நாளைக்குச் சொல்றது? பஸ்ஸெல்லாம் திரும்பிப் பாக்குது, எடுத்துத் தொலையறேன்.

சொல்லுங்கம்மா. ஆமாங்கம்மா, குழந்தைவேலுதான். இல்லீங்கம்மா, வெளிய இருக்கறேன். வந்துரும்மா. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். என்னங்கம்மா? சத்தம் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.

ம்.

ம்.

ஆமாங்கம்மா. நல்லாச் சிரிச்சாருங்கம்மா. நெசமாத்தான். வச்சிர்றேன்.

ஒண்ணுமில்லீங்க. படத்தப் பத்திக் கேக்கல. படம் வர்றப்ப வரட்டும் கண்ணு, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்குது. மேடையில குடும்பத்தோட நின்னப்ப அப்பா சிரிச்சாருன்னு யமுனா சொல்லுதாம். கேமராக்காரன் அந்தச் சின்ன ஸ்கிரீன்ல புள்ளைக்குக் காட்டியிருக்கான். அந்தம்மா அவருக்குப் பக்கத்துலதான் நின்னுருக்குது, நேராப் பாத்துட்டு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு எங்க ஆளு சொல்லியிருக்கான். "என் ஆறுதலுக்கு இவ சொல்றாளோன்னு இருக்குது. நெசமாவே சிரிச்சாரா சாமி? நீதான படத்தையெல்லாம் பாத்துக்கறவன்"னு கேக்குதுங்க.

நான் எங்கீங்க பாத்தேன்? சர்வர் பாக்கறவன் படத்த எதுக்குத் தொறந்து பாக்கணும்? எனக்கு அது ஒரு நம்பரு, இவ்வளவு எடம்னு ஒரு கணக்கு. இத்தனை கல்யாணத்துல ஒருத்தர் மொகத்தையும் நான் பாத்ததில்ல. அவரு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. சிரிச்சாருன்னு சொல்லிட்டேன். நல்லா இருப்பே சாமின்னுச்சு. அழுதுதுங்க, எனக்குக் கேட்டுது.

ஹோப்ஸ் ஸ்டாப்பு வரப் போகுது, நீங்க எறங்கணுமில்லீங்களா? ஒரு நிமிசம், எந்திரிக்காதீங்க. உங்களுக்குப் புள்ளை இருக்குதுங்களா? கட்டிக் குடுத்தாச்சா? அப்ப உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்க. ஒத்தை மக கல்யாணம். மேடையில நிக்கறாரு, பக்கத்துல சம்சாரம். அந்த நேரத்துல ஒரு மனுசன் சிரிச்சிருப்பாருங்கல்ல?